எடது பக்கம் லோஷன், வலது பக்கம் ஊசி

தம்பி, தப்பா நெனைக்காதிய. ஒங்க எடது காதுக்குப் பின்னால எட்டணா அளவுக்கு முடி இல்ல. தெரியுமா ஒங்களுக்கு? அட, எதுக்குக் கையக் கொண்டு மூடுதிய? இதுல ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? களவாண்டவன்லா ஒளியணும். இது புழுவெட்டு. பேருதான் புழுவெட்டு, புழுவும் கிடையாது பூச்சியும் கிடையாது. நம்ம ஒடம்புக்குள்ள இருக்க காவக்காரப் பயலுவளே மயிர்க்காலப் பாத்து அசலூர்க்காரன்னு நெனச்சி அடிச்சி வெரட்டிருதானுவளாம். டாக்டர் சொன்னது. ஒட்டாது, பரவாது. அம்மா, நீங்க எதுக்குத் தள்ளி உக்காருதிய? ஒட்டாதுன்னு சொல்லுதேம்லா. இந்தத் தம்பிக்குக் காதுக்குப் பின்னால புழுவெட்டு, அவ்வளவுதான்.

சத்தமாப் பேசுதேனா? சர்வேயர் தொண்ட தம்பி. இந்தக் கல்லுல நின்னுகிட்டு அந்தக் கல்லுல நிக்கவனக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளந்த தொண்ட. முப்பத்தோரு வருசம். சர்வேயர் உலகநாதன்னு பாளையங்கோட்டையில கேட்டுப் பாருங்க. ரிட்டயர்டு ஆயி நாலு வருசம் ஆவுது.

தலையில துண்டு எதுக்குன்னு பாக்கியளோ? வெயிலு. வெயிலு அந்தப் பக்கம்லா அடிக்குன்னு கேட்டா, இந்தப் பக்கமும் வரும். பஸ்ஸு ஆத்துப்பாலம் தாண்டுனா வெயிலு திரும்பும். விடுங்க.

நீங்க திருச்செந்தூர் வரைக்கும் போறிய, நான் குரும்பூர்ல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிருதேன், கேட்டுக்கிடுங்க. புழுவெட்டுக்கு லோஷனா, ஊசியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த ஜில்லாவுல தகுதி உள்ள ஒரே ஆளு நான்தான். பெருமைக்குச் சொல்லல. டாக்டருமாரு என்ன செய்வாவ? ஒருத்தனுக்கு லோஷன் எழுதுவாவ, இன்னொருத்தனுக்கு ஊசி போடுவாவ. அவன் ஒடம்பு வேற, இவன் ஒடம்பு வேற, ரெண்டையும் எப்படி ஒப்பிட? நான் ஒரே தலையில ரெண்டையும் செஞ்சி பாத்தவன். எடது பக்கம் லோஷன், வலது பக்கம் ஊசி. நாள் தவறாம, வாரம் தவறாம, அளவெடுத்து எழுதி வச்சிருக்கேன்.

என் தலையா? இல்ல, இல்ல. என் வீட்டுக்காரி தலை.

சண்முகவடிவுன்னு பேரு. கல்யாணம் ஆன புதுசுல, நாற்காலியில உக்காரதுக்கு முன்ன சடைய எடுத்து மடியில போட்டுக்கிட்டுத்தான் உக்காருவா. அப்படி முடி. வயசான பெறவும் கொண்டை போட்டா கை நெறைய இருக்கும். அந்தத் தலையிலதான் புழுவெட்டு வந்துச்சி, போன கார்த்திகையில. வந்தது எனக்குத் தெரியாது. ஒளிச்சிட்டா. பக்கத்து வீட்டுக்காரி சின்ன உள்ளிய, அதான் சின்ன வெங்காயத்த, நறுக்கித் தேச்சாச் சரியாவும்னு சொல்லியிருக்கா, இவளும் ஒரு மாசமாத் தேச்சிருக்கா. வீடு பூரா உள்ளி வாசன. நான் தெனமும் சாம்பாருன்னு நெனச்சிப் போயி உக்காருவேன், எலையில பாத்தா ரசம். ஒரு மாசம் இப்படி ஏமாந்திருக்கேன் தம்பி. யாராவது இத ஒரு கொறையாப் பேசுதாவளா?

பெறவு மார்கழியில ஒருநாள் காலையில அவ வாசல்ல குனிஞ்சி கோலம் போடுதா. நான் மாடியில நிக்கேன். மேல இருந்து பாத்தா பளிச்சின்னு தெரியுது. ரெண்டு எடம். எடது காதுக்கு மேல ஒண்ணு, வலது காதுக்கு மேல ஒண்ணு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்குச் சந்தோசம் தாங்கல. தப்பா எடுத்துக்கிடாதிய, கண்டுபுடிச்ச சந்தோசம். அங்கனயே நின்னு, "ஏட்டி வடிவு, ஒன் தலையில ரெண்டு எடம் தரிசாக் கெடக்குட்டி"ன்னு சத்தம் போட்டேன். பால்காரன் நிமிந்து பாத்தான், எதுத்த வீட்டு அக்கா பாத்தா. இவ கோலத்தப் பாதியில போட்டுட்டு உள்ள போயிட்டா. அன்னைக்குப் பூரா அது பாதியாவே கெடந்துச்சி. எனக்கு அரகொற வேலன்னாலே ஆவாது.

டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனேன். பெனிட்டான்னு ஒரு சின்னப் பிள்ள, ஆனா விவரமான பிள்ள. பாத்துட்டு, "அம்மா, ரெண்டு வழி இருக்கு. தெனமும் லோஷன் தடவலாம், வலி கிடையாது, ஆனா பையத்தான் வேல செய்யும். இல்லன்னா மாசம் ஒருதரம் அந்த எடத்துலயே சின்ன ஊசியால ஏழெட்டுக் குத்து. வலிக்கும். லேசாப் பள்ளம் விழுந்தாலும் விழும், பெறவு நெறஞ்சிரும். இந்த மாதிரி ரெண்டு எடம் மட்டும்னா ஊசிதான் பெரும்பாலும் சீக்கிரம் கேக்கும். சிலபேருக்கு ஒண்ணுமே செய்யாட்டாலும் தானா வளந்துரும். ஒங்களுக்கு எது தோது?"ன்னு கேட்டுச்சி.

வடிவு வாயத் தொறந்தா.

"ரெண்டும்"ன்னேன் நான்.

"அம்மாட்டக் கேட்டேன் சார்"ன்னுச்சி அந்தப் பிள்ள.

"அவட்டக் கேக்கதும் என்ட்டக் கேக்கதும் ஒண்ணுதாம்மா. எடது பக்கம் லோஷன் தடவுவோம், வலது பக்கம் நீங்க ஊசி போடுங்க. எது ஜெயிக்குன்னு பாத்துருவோம்"னு வெளக்கிச் சொன்னேன். வடிவு என் சட்டையப் புடிச்சி இழுத்து, "பைய பேசுங்க, வெளிய ஆளு இருக்குல்லா"ங்கா. எதுக்குப் பைய பேசணும்? நான் என்ன கெட்ட வார்த்தையா பேசுதேன்? அவளுக்கு எப்பவுமே இந்த ஒரு கொணம். டாக்டர் அவளப் பாத்து, "சம்மதமாம்மா?"ன்னுச்சி. இவ என்னையப் பாத்தா. தலைய ஆட்டுனா. ஆட்டுனாளா, குனிஞ்சாளான்னு கேட்டா, ஆட்டுனதாத்தான் நான் எழுதி வச்சிருக்கேன்.

இன்னொண்ணும் கேட்டுச்சி. "மனசுல எதுவும் கவலை உண்டாம்மா? இது அதனாலயும் கூடும்." நான், "அவளுக்கு என்னம்மா கவலை? நான் ரிட்டயர்டு ஆனதுல இருந்து வீட்ட விட்டு எங்கயும் போறதில்ல, எந்நேரமும் அவ கூடயே இருக்கேன்லா"ன்னு சொன்னேன். அந்தப் பிள்ள சீட்டுல என்னமோ எழுதுச்சி. கையெழுத்து வெளங்கல.

தை மாசம் ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கிழம காலையில எட்டு மணிக்கு முற்றத்துல பிளாஸ்டிக் ஸ்டூலு. நல்ல வெளிச்சத்துல அவ உக்காரணும். நான் ட்ரேசிங் பேப்பர வச்சி ரெண்டு எடத்தையும் எல்லை வரஞ்சி எடுப்பேன். நீளம், அகலம், காதுல இருந்து எவ்வளவு தூரம், எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. காது நல்ல எல்லைக்கல்லு தம்பி, நகராது. அவதான் நகருவா. "கழுத்து வலிக்கிங்க"ம்பா. முக்கா மணி நேரம் ஒரு ஆளால ஆடாம உக்கார முடியாதா?

ஆராய்ச்சின்னா கட்டுப்பாடு வேணும்லா. எண்ணெ தடவக் கூடாதுன்னேன். சாயம் கூடாது. கொண்டைய இறுக்கிப் போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. பிச்சிப்பூன்னா அவளுக்கு உசுரு, ஆனா பூவுல தண்ணி தெளிச்சிருப்பான், அந்த ஈரம் லோஷன்ல எறங்குனா முடிவு தப்பாயிரும். பொதங்கெழம மட்டும் தலைக்குக் குளிக்கலாம். இப்படியெல்லாம் தலைய வச்சிகிட்டு எங்கன போவா? தை மாசத்துல மூணு கல்யாணம், நான் மட்டும் போயி சாப்ட்டுட்டு வந்தேன். அவளுக்கு அலைச்சல் மிச்சம்.

ஊசியப் பத்திக் கேக்கியளா? அதச் சொல்லத்தான வாரேன். மொத நாளு டாக்டர் ஊசிய எடுத்ததும் நான் சுவரப் பாத்துத் திரும்பி நின்னுகிட்டேன். ரத்தம்னா எனக்கு ஆவாது. ஆனா எண்ணாம விடல. ஒரு குத்துக்கு ஒரு தடவ அவ மூச்ச இழுப்பா, அந்தச் சத்தத்த வச்சி எண்ணுனேன். எட்டு. எட்டாவதுல எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சி. நர்சு ஓடி வந்து என்னைய அவ உக்காந்திருந்த நாற்காலியிலயே உக்கார வச்சி, சோடா வாங்கிக் குடுத்தா. வடிவு பக்கத்துல நின்னு விசிறுனா. அன்னைக்குக் கஷ்டப்பட்டது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

ஊசி டாக்டர் பக்கம். லோஷன் என் பக்கம். அந்தில வெளக்கு வச்ச பெறவு நானே பஞ்சுல தொட்டு, எல்லை தாண்டாம, எடது பக்கம் தடவி விடுவேன். அவ தரையில உக்காந்து கண்ண மூடிக்கிடுவா. டி.வி.ய நிறுத்திருவேன். ஒரு அஞ்சு நிமிசம். உண்மையச் சொன்னா, அந்த அஞ்சு நிமிசம் எனக்கு ரொம்பப் புடிக்கும் தம்பி. கல்யாணம் ஆயி முப்பத்தாறு வருசத்துல அவ தலைய நான் தொட்டது அந்த நாலு மாசம்தான். அதனாலதான் லோஷன் ஜெயிக்கும்னு எனக்கு ஆரம்பத்துலயே ஒரு நிச்சயம். இவ்வளவு பக்குவமாத் தடவுதேன், ஜெயிக்காமப் போவுமா?

காலையில மைதானத்துல நடக்கப் போவோம், எங்க கோஷ்டி ஒரு பத்துப் பேரு. எல்லாவனும் ரிட்டயர்டு. திங்கக்கெழம திங்கக்கெழம நான் படத்தக் கொண்டு போயிருவேன். பெஞ்சில விரிச்சி வச்சி, "இது போன வாரம், இது இந்த வாரம்"னு காட்டுவேன். லோஷன் கட்சி ஆறு பேரு, ஊசி கட்சி நாலு பேரு. சண்டையே நடக்கும். தபாலாபீசுல இருந்தவன் ஒருத்தன் ஊசி கட்சி, அவன் மார்க்கெட்டுல வடிவப் பாத்து, "என்ன மைனி, வலது பக்கம் மொளச்சிட்டாம்லா! எடது பக்கம் தரிசுதானா?"ன்னு கேட்டிருக்கான். கத்திரிக்காக்காரி தராசு தட்டுல காயப் போட்டவ அப்படியே நிமிந்து இவ தலையப் பாத்திருக்கா. இவ காய வாங்காம வீட்டுக்கு வந்துட்டா. அதுக்குப் பெறவு மார்க்கெட்டுக்கே போறதில்ல. நான்தான் போறேன். எனக்குக் கத்திரிக்கா பாக்கத் தெரியாது, சொத்தையா அமையுது. ஊருல அவ மேல எத்தன பேருக்கு அக்கறை பாத்தியளா? அது அவளுக்கு வெளங்கல.

சரி, முடிவச் சொல்லுதேன். எட்டாவது வாரம் வலது பக்கம் பூனை மயிரு மாதிரி வெள்ளையா எட்டிப் பாத்துச்சி. பன்னெண்டாவது வாரம் கறுத்து, நகம் நீளத்துக்கு வந்துட்டு. எடது பக்கம், என் பக்கம், பதினோரு மயிரு. ரெண்டு தடவ எண்ணுனேன், பதினொண்ணுதான்.

டாக்டர் பாத்துட்டு, "தெளிவா இருக்கே சார். எடது பக்கத்துக்கும் இன்னைக்கே ஊசி போட்டுருவோம்"னுச்சி. நான் விடல. ஒரு அளவுல சந்தேகம்னா மறு அளவு எடுக்கணும்னு சர்க்காருலயே விதி உண்டு. லோஷன் பையத்தான் வேல செய்யும்னு அந்தப் பிள்ளதான சொல்லுச்சி? அப்போ அதுக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கணுமா இல்லையா? இன்னும் ஆறு வாரம் நீட்டிச்சேன்.

ஆட்டோவுல வரும்போது வடிவு சொன்னா, "வைகாசி பத்தாந்தேதி கோமதி மக கல்யாணம். பெரியம்மா பெரியம்மான்னு என் மடியில வளந்த பிள்ள. நான்தான் முன்ன நின்னு தாலிக்கு மஞ்ச எடுத்துக் குடுக்கணும்னு சொல்லுது. எடது பக்கத்துக்கும் ஊசி போட்டுருவமாங்க? இப்போ போட்டாத்தான் அதுக்குள்ள கொஞ்சமாச்சும் வரும். வலிச்சா வலிச்சிட்டுப் போவுது." கோமதின்னா அவ தங்கச்சி, குரும்பூர்லதான் இருக்கா. வடிவு என்ட்ட ஒண்ணு வேணும்னு வாய் விட்டுக் கேட்டு எத்தன வருசம் ஆவுதுன்னு எனக்கே தெரியாது. நானும் மெதுவாத்தான் சொன்னேன்: "நடுவுல நிறுத்துனா நான் எல்லாவனுக்கும் என்ன பதில் சொல்லுவேன்? ஆறு வாரம் பொறு." அவ வெளிய பாத்துகிட்டா. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த ரெண்டு ஞாயிறும் வந்து உக்காந்தா. மூணாவது ஞாயிறு எட்டு மணிக்கு நான் ட்ரேசிங் பேப்பரும் கையுமா நிக்கேன், ஸ்டூலு காலியாக் கெடக்கு. வீடு பூராத் தேடுதேன், ஆளக் காணும். அடுப்புல இட்லி மட்டும் இருந்திச்சி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கேட்டத் தொறந்துகிட்டு வாரா. யாரோ வேத்தாளுன்னு நெனச்சி, "யாரும்மா வேணும்?"னு கேட்டுட்டேன்.

மொட்டை தம்பி! சுத்தமா மழிச்சி, தலை பூராச் சந்தனம். கையில திருச்செந்தூர் இலை விபூதி.

"அடிப்பாவி, பதினஞ்சு வார வேலட்டி! பதினஞ்சு வாரம்!"னு அலறுனேன். அவ நெதானமா என் நெத்தியில விபூதியப் பூசி விடுதா. "நேந்துகிட்டேங்க"ங்கா. "என்னன்னு நேந்த?"ன்னேன். "இந்த அளவெடுப்பு நின்னா முடி குடுக்கேன்னு நேந்துகிட்டேன். இன்னைக்கு நின்னுட்டுல்லா, குடுத்துட்டேன்"ங்கா. சொல்லிட்டு சிரிக்கா. பல்லு தெரியச் சிரிக்கா. அப்படி அவ சிரிச்சி நான் பாத்ததே இல்ல. நிக்கதுக்கு முன்னாலயே எப்படிக் குடுக்க முடியும், குடுத்ததனாலதான நின்னுச்சி, இது முறையான வேண்டுதலே கிடையாதுன்னு நான் எடுத்துச் சொன்னேன். அவ காதுலயே போட்டுக்கிடல.

அதோட விட்டாளா? அந்த மொட்டத் தலையோட பட்டுச்சேலையக் கட்டிகிட்டு கல்யாணத்துக்குக் கெளம்புதா. "ஏட்டி, நாலு பேரு பாத்தா என் மானம் என்ன ஆவும்?"னு கேட்டேன். "மைதானத்துல படம் விரிச்சிக் காட்டுன தலைதான, இதுக்கு மேல யாரு என்னத்தப் பாக்கப் போறா?"ன்னுட்டுப் போயிட்டா. போயி, முன்ன நின்னு மஞ்ச எடுத்துக் குடுத்திருக்கா. பிள்ளயோ பெரியம்மா மொட்டையில முத்தம் குடுத்து ஃபோட்டோ வேற எடுத்திருக்கு. நான் கடைசி வரிசையில உக்காந்து சாப்ட்டுட்டு வந்தேன். அவ வரல. "ரெண்டு நாளு இருந்துட்டு வாரேன்"னா. ஆனி பொறந்து பதினேழு நாளு ஆச்சி.

கோவம் கீவம் ஒண்ணும் கிடையாது. எதுக்குக் கோவப்படணும்? நான் என்ன குடிச்சேனா, அடிச்சேனா? அவ தலைக்காக நாலு மாசம் என் சோலிய எல்லாம் விட்டுட்டு அலைஞ்சிருக்கேன். நேத்து ஃபோன் போட்டேன். "வாங்க. வந்து சாப்ட்டுட்டுப் போங்க. ஸ்கேல எடுத்துட்டு வந்தா வாசல்லயே நில்லுங்க"ன்னா. எடுத்துட்டு வரல தம்பி. சத்தியமா ஸ்கேலு கிடையாது. பையில டேப்புதான் இருக்கு.

எங்கன வந்திருக்கோம்? தென்திருப்பேரையா? அப்போ அடுத்து குரும்பூருதான்.

தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் நவுந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம்.

நீங்களும் நம்ம ஆளுங்கதால சொல்லுதேன். பதினஞ்சு நாளைக்கு முன்ன சலூனுக்குப் போனேன். அந்தப் பய சீப்ப வச்சிகிட்டு, "சார், பின்னால ஒரு எடத்துல…"ன்னு இழுத்தான். பாதி முடி வெட்டுனதோட எழுந்து வந்துட்டேன். அன்னையில இருந்து மைதானத்துக்குப் போவல. போவ முடியுமா? அந்தத் தபாலாபீசுக்காரன் ஒருத்தன் போதும், ஊர் பூராத் தண்டோரா போட்டுருவான். மனுசன்னா ஒரு மட்டு மரியாத வேண்டாமா?

பெனிட்டாட்டப் போனேன். "ஒரே எடம்தான சார், ஊசி போட்டுருவமா? ஒங்க ஆராய்ச்சி முடிவும் அதுதான"ன்னு சிரிக்காமச் சொல்லுச்சி அந்தப் பிள்ள. முடிவு ஊசிதான், நான் மறுக்கல. ஆனா எட்டுக் குத்து தம்பி. லோஷனே எழுதுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். வந்து தடவுனா எடம் தட்டுப்படல. ரெண்டு கண்ணாடிய முன்னயும் பின்னயும் வச்சிப் பாக்கேன், கை வலதுக்குப் போனா கண்ணாடியில எடதுக்குப் போவுது. லோஷன் பூராக் கழுத்துல வடிஞ்சி முதுகுக்குப் போயிட்டு. முப்பத்தோரு வருசம் ஜில்லாவ அளந்தவனுக்கு தன் பின்மண்டையில ஒரு எடத்தக் கண்டுபுடிக்க முடியல. வீட்டுல கூப்பிட்டா ஏன்னு கேக்க ஒரு ஆளு கிடையாது.

அவ வந்தாப் போதும். அளக்க மாட்டேன், ஒண்ணும் செய்ய மாட்டேன். அந்தில ஒரு அஞ்சு நிமிசம், பஞ்சுல தொட்டு அவ தடவி விட்டான்னா எனக்குப் போதும். மாட்டேன்னு சொல்லிருவாளோன்னுதான் காலையில ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறுனேன்.

ஒரு ஒத்தாசை செய்யியளா? கேட்டா அவளுக்கு எடம் எம்புட்டுப் பெருசுன்னு சொல்லணும்லா, எனக்கே தெரியாது. துண்ட லேசாத் தூக்குதேன். அந்த அம்மா இங்கன பாக்காளா? திரும்பட்டும், திரும்பட்டும். ம், இப்போ. தொடாதிய, கூசுது. சும்மா பாத்துட்டு என் காதுல சொல்லுங்க.

என்னது? பத்து ரூபாத் துட்டு அளவா? ரெண்டு எடமா இருக்கா?

ஏ தம்பி, பைய சொல்லுங்க. பஸ்ஸுல ஆளு இருக்குல்லா.